மண்ணை நகர்த்தும் மின்சாரம்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

'அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்' என்பது நம் பாட்டிமார்கள் அடிக்கடி சொல்லும் பழமொழி. ஆனால் அடிமேல் அடி அடிக்காமல், அம்மி போன்ற நூறு கற்கள் கலந்த மண் மேட்டை ஒரே தள்ளலில் நகர்த்திவிடும் பொறி ஒன்று உண்டு. அதுவே புல்டோசர். முன்புறம் அகன்ற இரும்பு பிளேடு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இரும்புச் செயின்கள், நடுவே வலிமை மிக்க ஒரு டீசல் இயந்திரம். அணையோ, சாலையோ, விமான நிலையமோ, சுரங்கமோ எதுவானாலும் முதலில் மண் நகர வேண்டும். அதன் பிறகுதான் செங்கல்லும் சிமெண்டும்.

இந்தப் பொறியில் ஒரு புதிய முறை வந்துள்ளது. இதில் டீசல் இயந்திரம் செயின்களை நேராகச் சுழற்றுவதில்லை. அது ஒரு ஜெனரேட்டரைச் சுழற்றுகிறது. ஜெனரேட்டர் தரும் மின்சாரம் மோட்டார்களைச் சுழற்றுகிறது. மோட்டார்கள் செயின்களை ஓட்டுகின்றன. இதற்கு டீசல்-மின் இயக்க முறை என்று பெயர்.

இதைப் பற்றி வகுப்பில் பேச்சு வந்தபோது எங்கள் இயற்பியல் சிஸ்டர் ஒரு கேள்வி கேட்டார்கள். "ஆற்றலை ஒரு வடிவிலிருந்து இன்னொரு வடிவுக்கு மாற்றும்போதெல்லாம் கொஞ்சம் வெப்பமாக வீணாகும் என்று படித்திருக்கிறீர்கள். இயந்திர ஆற்றலை மின்சாரமாக்கி, அதை மறுபடியும் இயந்திர ஆற்றலாக்கினால் இரண்டு முறை நஷ்டம் அல்லவா? பிறகு ஏன் இப்படிச் சுற்றி வளைத்துப் போகிறார்கள்?" என்றார்கள். வகுப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கேள்வி நியாயமானதுதான். அதற்கு நான் தேடி அறிந்த விடையைத் தோழியரோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

டீசல் இயந்திரத்தின் பிடிவாதம்

ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் 1897-ஆம் ஆண்டில் தம் பெயர் கொண்ட இயந்திரத்தை வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். இதில் தீப்பொறி தேவையில்லை. உருளைக்குள் காற்றை மிகுதியாக அழுத்தினால் அது கடுமையாகச் சூடேறும். அந்தச் சூட்டில் எண்ணெயைப் பீய்ச்சினால் தானே தீப்பற்றிக்கொள்ளும். பெட்ரோல் இயந்திரத்தைவிடக் குறைந்த எண்ணெயில் நிறைய வேலை செய்வது இதன் சிறப்பு.

ஆனால் இதற்கு ஒரு பிடிவாதம் உண்டு. தனக்குப் பிடித்த வேகத்தில் சுழன்றால்தான் நன்றாக உழைக்கும். சுழற்சி மிகவும் குறைந்தால் மூச்சுத் திணறி நின்றுவிடும். நின்ற நிலையில் அதற்கு இழுவிசையே கிடையாது. ஜெமினி மேம்பாலத்தில் ஏறும் ஆட்டோவைக் கவனித்தால் இது புரியும். ஏற்றம் தொடங்கியதும் ஓட்டுநர் கியரைக் குறைக்கிறார். குறைக்காவிட்டால் இரண்டு குலுக்கல் குலுக்கி இயந்திரம் நின்றுவிடும். பெட்ரோலோ, டீசலோ, உருளைக்குள் எரியும் இயந்திரங்கள் எல்லாவற்றுக்கும் இந்தக் குணம் பொதுவானது.

மண்ணின் குணமோ இதற்கு நேர் எதிரானது. அது ஒரே சீராக இருப்பதில்லை. இங்கே மணல், பத்தடி தள்ளிக் களிமண், அதற்கப்பால் பாறை. மண் கெட்டியாக இருக்கும் இடத்தில் வேகம் குறைவாகவும் தள்ளும் விசை மிக அதிகமாகவும் இருக்க வேண்டும். தங்கையைப் பின்னால் உட்கார வைத்துச் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது தெரியும். புறப்படும்போது உடல் எடை முழுவதையும் மிதியின் மேல் வைக்கிறோம். ஓடத் தொடங்கிய பிறகு பாதி பலம் போதுமானது.

இதை ஒரு சிறு கணக்கால் காணலாம். திறன் என்பது விசையையும் திசைவேகத்தையும் பெருக்கி வருவது. 235 குதிரைத்திறன் கொண்ட புல்டோசர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு குதிரைத்திறன் 746 வாட் என்பதால் இதன் திறன் ஏறக்குறைய 1,75,000 வாட். இழப்புகளை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு இரண்டரை மீட்டர் வேகத்தில், அது 70,000 நியூட்டன் விசையைத் தரும். மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் அதுவே 2,10,000 நியூட்டன். இது சுமார் 21 டன் எடையைத் தூக்கிப் பிடிக்கும் விசைக்குச் சமம். ஒரே திறன்தான். மெல்லப் போனால் மூன்று மடங்கு வலிமை.

ஆகவே ஒரு பக்கம் மாறாத வேகம் கேட்கும் இயந்திரம், மறுபக்கம் நொடிக்கு நொடி மாறும் மண். இந்த இருவருக்கும் நடுவே ஒரு தூதுவர் வேண்டும். அந்தத் தூதுவர் யார் என்பதில்தான் பழைய முறைக்கும் புதிய முறைக்கும் வேறுபாடு.

பழைய தூதுவர்: எண்ணெய்

வீட்டில் இரண்டு மேஜை விசிறிகள் இருந்தால் அவற்றை எதிரும் புதிருமாக வைத்து ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள். அதன் காற்றுப் பட்டு மற்ற விசிறியும் மெல்லச் சுழலத் தொடங்கும். இரண்டுக்கும் நடுவே காற்றைத் தவிர வேறு தொடர்பே இல்லை. சாதாரண புல்டோசர்கள் பலவற்றில் இதே தத்துவம்தான் பயன்படுகிறது. காற்றுக்குப் பதிலாக எண்ணெய் நிறைந்த ஒரு மூடிய பெட்டி. அதற்கு டார்க் கன்வெர்ட்டர் என்று பெயர். இயந்திரம் ஒரு விசிறியைச் சுழற்ற, எண்ணெயின் ஓட்டம் எதிரே உள்ள விசிறியைச் சுழற்றுகிறது. அங்கிருந்து கியர்களின் வழியாகச் செயினுக்குச் சுழற்சி போகிறது.

இதில் பெரிய நன்மை ஒன்று உண்டு. பிளேடு பாறையில் முட்டிக்கொண்டு வண்டி நின்றாலும் இயந்திரம் நிற்காது. எண்ணெயைக் கலக்கிக்கொண்டே இருக்கும். ஆனால் குறையும் அதுவேதான். அந்த நேரத்தில் எரியும் டீசலின் ஆற்றல் மண்ணைத் தள்ளாமல் எண்ணெயைச் சூடாக்கிக் கொண்டிருக்கும். வண்டி முக்கி முனகி மெல்ல நகரும்போதும் இதே கதைதான். எப்போது உழைப்பு மிகவும் தேவையோ, அப்போதே வீணாவதும் மிகுதி. போதாததற்கு, கியர் மாறும் போதெல்லாம் தள்ளும் விசையில் ஒரு சிறு தடங்கலும் ஏற்படுகிறது.

புதிய தூதுவர்: மின்சாரம்

1831-ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தார். காந்தப் புலத்தில் கம்பிச் சுருளைச் சுழற்றினால் மின்சாரம் பிறக்கும். அதுவே ஜெனரேட்டர். மின்னோட்டம் பாயும் கம்பியைக் காந்தப் புலத்தில் வைத்தால் அது தள்ளப்படும். அதுவே மோட்டார். ஃபிளெமிங்கின் இடக்கை விதியைக் கையை மடக்கி மடக்கிப் படித்தோமே, அந்த விதிதான் இங்கே டன் கணக்கான மண்ணைத் தள்ளுகிறது.

மோட்டாரில் தள்ளும் விசை மின்னோட்டத்தைப் பொறுத்தது. சுழலாமல் நிற்கும் மோட்டாரிலும் மின்னோட்டத்தைச் செலுத்தலாம் அல்லவா? ஆகவே டீசல் இயந்திரத்தைப் போல் அல்லாமல், மோட்டாருக்கு நின்ற நிலையிலேயே முழு இழுவை உண்டு. திருமயிலை நிலையத்தில் நிற்கும் பறக்கும் ரயில், நூற்றுக்கணக்கான பயணிகளுடன், கியர் மாற்றாமல், உறுமாமல் புறப்பட்டு வேகம் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே வலிமையைத்தான் புல்டோசருக்கும் கொடுத்திருக்கிறார்கள்.

முன்காலத்து டீசல்-மின் பொறிகளில் நேர்திசை மோட்டார்களே இருந்தன. அவற்றில் சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கக் கார்பன் பிரஷ்கள் வேண்டும். அவை தேயும். சேறும் புழுதியும் நிறைந்த இடத்தில் அவற்றைப் பராமரிப்பது பெரும் தொல்லை. இன்று பிரஷ் தேவைப்படாத மாறுதிசை மோட்டார்கள் வந்துவிட்டன. ஜெனரேட்டருக்கும் மோட்டாருக்கும் நடுவே இன்வெர்ட்டர் என்ற மின்னணுப் பெட்டி இருக்கிறது. நம் வீட்டில் மின்வெட்டின்போது உதவும் இன்வெர்ட்டருக்கு இது உறவு முறைதான். இதிலுள்ள குறைகடத்திச் சுவிட்சுகள் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடி, மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தின் அளவையும் அதிர்வெண்ணையும் தேவைக்கேற்ப மாற்றுகின்றன. மண் கெட்டிப்பட்டால் விசை கூடும். இளகினால் வேகம் கூடும். இவ்வளவு நடந்தாலும் டீசல் இயந்திரம் தனக்கு உகந்த வேகத்திலேயே அமைதியாகச் சுழன்றுகொண்டிருக்கும்.

நெய்வேலி சொல்லும் பாடம்

மின்சாரத்தால் மண்ணைத் தோண்டுவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956-இல் தொடங்கப்பெற்றது. சுரங்கம் தோண்டும் பணியை 1957 மே மாதம் 20-ஆம் நாள் பிரதமர் நேரு தொடங்கி வைத்தார். 1961-இல் நிலக்கரி கண்ணுக்குத் தென்பட்டது. நிலக்கரிக்கு மேலே கடினமான கடலூர் மணற்கல் அடுக்கு கிடப்பதால், அதை அகற்றுவதே பெரும் பாடாயிற்று. இதற்காக ஜெர்மானியத் தொழில்நுட்பத்தில் அமைந்த மாபெரும் பொறிகள் வந்தன. ராட்டினம் போன்ற ஒரு சக்கரத்தில் வரிசையாக வாளிகள் பொருத்தப்பட்டிருக்கும். சக்கரம் சுழலச் சுழல வாளிகள் மண்ணைச் சீவி எடுக்கும். ஒவ்வொரு வாளியும் 1,400 லிட்டர் கொள்ளும் பொறிகளும் அங்கே உண்டு. நம் வீட்டு வாளி 15 லிட்டர் என்றால், அந்த ஒரு வாளியில் 93 வாளி அடங்கும்!

இந்த அரக்கப் பொறிகள் தடித்த கேபிள் வழியாக வரும் மின்சாரத்தில் இயங்குகின்றன. சென்னை மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்தில், கலங்கரை விளக்கத்திலிருந்து மயிலாப்பூர், தியாகராய நகர் வழியாகப் பூந்தமல்லி செல்லும் தடத்துக்காகப் பூமிக்கடியில் துளையிடும் பொறிகளும் மேலிருந்து கேபிளில் வரும் மின்சாரத்தால் இயங்குபவையே. இவை எல்லாம் மிக மெதுவாக நகர்பவை. ஆகவே கேபிள் கூடவே வரலாம்.

புல்டோசரின் வேலை அப்படியா? முன்னே தள்ளும், பின்னே வரும், திரும்பும், மேட்டில் ஏறும், பள்ளத்தில் இறங்கும். வால் போலக் கேபிளைக் கட்டிவிட்டால் தன் செயினால் தானே அதை நசுக்கிவிடும். ஆகவே மின்சாரத்தின் நன்மையும் வேண்டும், கேபிளும் கூடாது என்றால் ஒரே வழிதான் உண்டு. மின் நிலையத்தையே முதுகில் சுமந்துகொண்டு போக வேண்டும். டீசல்-மின் புல்டோசர் என்பது இத்தகைய நடமாடும் மின் நிலையம் என்றால் மிகையாகாது.

வளர்ந்த வரலாறு

இந்த முறையை நம் நாட்டில் பரவலாக்கியது ரயில்வேதான். 2,600 குதிரைத்திறன் கொண்ட டபிள்யூ.டி.எம்.-2 என்னும் டீசல் ரயில் எஞ்சின் 1962-இல் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1964 முதல் வாரணாசியிலேயே தயாராயிற்று. டீசல் எஞ்சின் என்று நாம் சொன்னாலும், அதன் ஆறு அச்சுகளையும் சுழற்றியவை மின் மோட்டார்களே. இன்று நம் ரயில் பாதைகளில் பெரும்பாலானவை மின்மயமாகிவிட்டாலும், வழிகாட்டியவை அந்த எஞ்சின்கள்தாம்.

மண் நகர்த்தும் பொறிகளில் இதைப் புகுத்தியவர்களுள் முதன்மையானவர் ஆர்.ஜி. லெட்டூர்னோ (1888 - 1969) என்ற அமெரிக்கர். 1950-களில் அவர் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் ஒரு மோட்டாரை வைத்துப் பெரும் பொறிகளை உருவாக்கினார். பின்னர் சுரங்கங்களில் ஓடும் மாபெரும் டிப்பர் லாரிகள் இம்முறைக்கு மாறின. இவற்றில் இன்னொரு வசதியும் உண்டு. சரிவில் இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும். பிரேக் தேய்வது குறையும்.

நம் நாட்டில் 1964-இல் தொடங்கப்பெற்ற பெமல் நிறுவனம் பி.எச். 205-இ என்ற, 205 டன் சுமக்கும் மின்னியக்க டிப்பர் லாரியை வடிவமைத்துள்ளது. இந்த நிறுவனத்தின் புல்டோசர்கள் கோலார் தங்கவயலில் தயாராகின்றன. தங்கச் சுரங்கத்தில் வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து தலைமுறை தலைமுறையாக மக்கள் குடியேறிய ஊர் அது. தங்கச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. மண்ணைத் தோண்டிய ஊரில், மண்ணை நகர்த்தும் பொறிகள் இன்றும் பிறக்கின்றன.

செயினில் ஊரும் புல்டோசருக்கு இம்முறை வந்தது சற்றுத் தாமதமாகத்தான். 1904-இல் பெஞ்சமின் ஹோல்ட் கலிபோர்னியாவில் சோதித்த செயின் டிராக்டர் கம்பளிப்புழுவைப் போல் ஊர்ந்து சென்றதால், அதற்குக் கம்பளிப்புழு என்ற பொருளில் கேட்டர்பில்லர் என்று பெயர் வந்தது. அந்தப் பெயரையே தாங்கிய நிறுவனம் 2008-இல் டி7இ என்ற டீசல்-மின் புல்டோசரை அறிமுகப்படுத்தியது. நான் மேலே கணக்கிட்ட 235 குதிரைத்திறன் இதன் திறனே. இதில் இரண்டு மாறுதிசை மோட்டார்கள் உண்டு. கியர் மாற்றும் வேலையே இல்லை.

சிஸ்டரின் கேள்விக்கு விடை

இனி இழப்புக் கணக்குக்கு வருவோம். ஜெனரேட்டருக்குக் கொடுக்கும் 100 பங்கில் 93 பங்கு மின்சாரமாகிறது என்றும், மோட்டாரும் அதே அளவு திறமையானது என்றும் கொள்வோம். இறுதியில் கிடைப்பது சுமார் 86 பங்கு. ஆம், 14 பங்கு நஷ்டம்தான். ஆனால் எண்ணெய்ப் பெட்டியில் வண்டி மெல்ல ஊரும்போது இதைவிட மிகுதியாக நஷ்டமாகிறது. பாறையில் முட்டி வண்டி நின்றுவிட்டால் அங்கே பயன் பூஜ்யம். இயந்திரம் தரும் திறன் அத்தனையும் வெப்பம். மின்முறையிலும் அப்போது வண்டி நகராதுதான். ஆனால் மோட்டார் விடாமல் அழுத்திக்கொண்டிருக்க, இயந்திரம் சிறிதளவு மின்சாரம் கொடுத்தாலே போதும். அதோடு, இயந்திரம் எப்போதும் தனக்கு உகந்த வேகத்தில் சுழல்வதால் எண்ணெய்ச் செலவும் குறைகிறது.

டி7இ வந்தபோது, அதே அளவு டீசலில் 25 சதவீதம் மிகுதியாக மண் தள்ளும் என்று அந்த நிறுவனம் அறிவித்தது. அதாவது, முன்பு 100 லிட்டர் குடித்த வேலைக்கு 80 லிட்டர். சுற்று வழி என்று நாம் நினைத்ததே சிக்கன வழியாக இருக்கிறது!

ஆனால் நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. இப்பொறிகளின் விலை அதிகம். உயர் மின்னழுத்தம் உள்ளதால் பழுது பார்ப்பவருக்குத் தனிப் பயிற்சி வேண்டும். மின்னணுப் பெட்டியைத் தூசியிலிருந்தும் வெப்பத்திலிருந்தும் காக்க வேண்டும். அதே நிறுவனம் டி7 வரிசையில் பின்னர் மீண்டும் கியர் முறைக்கே திரும்பியது. டி6 எக்ஸ்.இ. என்ற புல்டோசரில் மின்முறையைத் தொடர்ந்தது. எந்த வேலைக்கு எது உகந்தது என்று பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

நமக்கு இதில் என்ன?

'புல்டோசர் எப்படி ஓடினால் நமக்கென்ன?' என்று சில தோழியர் கேட்கலாம். நம் நாட்டுக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறோம். ஒவ்வொரு லிட்டர் டீசல் எரியும்போதும் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு காற்றில் கலக்கிறது. மயிலாப்பூரிலும், அடையாறிலும், தியாகராய நகரிலும் சாலைகள் தோண்டப்படுவதை நாம் பார்க்கிறோம். பொக்லைனும் ஜே.சி.பி.யும் வேலை செய்யும் தெருவில் அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் நாமும், அங்கே நாள் முழுவதும் நிற்கும் தொழிலாளர்களும்தான். 100 லிட்டர் 80 லிட்டரானால் மிச்சமாவது பணம் மட்டுமல்ல, அவர்களுடைய மூச்சும்கூட.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்பொறியைப் புரிந்துகொள்ள இயந்திரவியல் மட்டும் போதாது. மின்னியலும் வேண்டும், மின்னணுவியலும் வேண்டும். இது ஆண்களின் துறை என்று சிலர் எண்ணுகிறார்கள். சென்னையில் பிறந்த ஏ. லலிதா என்ற பெண்மணிக்கு 15 வயதில் திருமணம் நடந்தது. 18 வயதில் கைக்குழந்தையுடன் கணவரை இழந்தார். அதன் பின்னரே அவர் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்து மின்பொறியியல் படித்தார். 1943-இல் படிப்பை முடித்து இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களுள் ஒருவரானார். கல்லூரிப் பட்டச் சான்றிதழில் 'அவன்' என்று ஆண்பாலில் அச்சிட்டிருந்ததை அடித்து, பெண்பாலாக மாற்றி எழுத வேண்டியிருந்ததாம்! பக்ரா நங்கல் அணையின் ஜெனரேட்டர்கள் தொடர்பான பணியிலும் அவர் பங்கு பெற்றார். அவர் மணமான வயதில்தான் இன்று நாம் மேசையின் முன் அமர்ந்து இடக்கை விதியைப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

எனவே தோழியரே, மோட்டாரும் ஜெனரேட்டரும் தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்விக்காக மட்டும் படிக்க வேண்டியவை அல்ல. படம் வரைந்து பாகங்களைக் குறிப்பதோடு நிறுத்திவிடாமல், அது எங்கே சுழல்கிறது, எதைத் தள்ளுகிறது, எவ்வளவு மிச்சப்படுத்துகிறது என்றும் கேட்டுப் பழகுவோம். கிண்டிக் கல்லூரி நம் பள்ளியிலிருந்து வெகு தொலைவில் இல்லை. நாளை குறைந்த புகையில் நிறைந்த வேலை செய்யும் பொறியை வடிவமைப்பவர்களின் பட்டியலில் நம் வகுப்பு மாணவியர் பெயரும் இடம்பெறட்டும்!